டிஸ்சார்ஜ் சம்மரியே பில் ஆகும்போது

கேள்வி: வணக்கம் சார். வேலூருக்குப் பக்கத்தில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எம்ஆர்டி, அதாவது மருத்துவப் பதிவேட்டுத் துறைப் பொறுப்பில் இருக்கிறேன். என்னோடு இரண்டு பேர். கேஸ் ஷீட்டை வாங்கி அடுக்குவது, ஐசிடி கோடு (நோய்களுக்கான சர்வதேசக் குறியீடு) போடுவது, கோர்ட்டிலிருந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பது, இதுதான் இதுவரை எங்கள் வேலை. சமீபத்தில் எங்கள் எம்.டி. ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து, "வெளிநாட்டில் எல்லாம் பார்த்த கேஸுக்குத் தகுந்த மாதிரிதான் ஆஸ்பத்திரிக்குப் பணம், இங்கேயும் வரப்போகிறது, இனி உங்கள் டிபார்ட்மென்ட்தான் மெயின்" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டு, "எந்தக் கோடு போட்டால் அதிகம் வருமோ அதைப் பார்த்துப் போடுங்கள்" என்றும் சொன்னார். டாக்டர்கள் எழுதுகிற சம்மரியோ மூன்று வரி. இது என்ன முறை? நம் ஊருக்கு வருமா? இப்போதே நான் என்ன செய்ய வேண்டும்? அவர் சொன்னபடி கோடு போடலாமா? இந்தத் தலைவலியே வேண்டாம் என்று சென்னையில் அமெரிக்க கோடிங் கம்பெனிக்குப் போய்விடலாமா?
வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

வணக்கம்மா. ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்காவதுதான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அவர் சொன்னபடி போடக் கூடாது. ஆனால் அவர் சொன்னதில் நியாயமான ஒரு பாதியும் இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க, முதலில் முறை புரிய வேண்டும்.

உங்கள் பக்கத்திலேயே ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மாதச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள், பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போன வருஷம் கொடுத்த தொகையோடு கொஞ்சம் சேர்த்து இந்த வருஷமும் மொத்தமாகக் கொடுப்பது மாதச் சம்பளம் மாதிரி. எத்தனை நோயாளிகளைப் பார்த்தாய், எப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தாய் என்று எண்ணிக் கொடுப்பது பீஸ் ரேட். செயல்பாட்டு அடிப்படையிலான நிதி என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். சிக்கல் 'எப்படிப்பட்ட' என்ற இடத்தில் வருகிறது. ஒரு நோயாளியைப் போல இன்னொருவர் இருப்பதில்லை. அவர்களை வகைப்படுத்த ஒரு வழி வேண்டும்.

அந்த வழியை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்சன் என்ற இருவர் உருவாக்கினார்கள். நோயும் செலவும் ஏறக்குறைய ஒத்திருக்கும் நோயாளிகளை ஒரு குழுவாகச் சேர்ப்பது. அதற்குப் பெயர் டிஆர்ஜி, அதாவது நோய்நிர்ணயம் சார்ந்த குழு. ஒரு மருத்துவமனை என்ன வேலை செய்கிறது என்று அளந்து பார்க்கத்தான் அதை உண்டாக்கினார்கள். பணம் கொடுக்கிற கருவியாக அது ஆனது அப்புறம்தான். 1983 அக்டோபரில் அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்கு நடத்தும் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், உள்நோயாளிகளுக்கு டிஆர்ஜி அடிப்படையில் பணம் தர ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1993-இல் இறங்கியது. இங்கிலாந்து 2003-இல் தன் சொந்தக் குழுக்களோடு தொடங்கியது. ஜெர்மனி ஆஸ்திரேலியக் குழுக்களை அடிப்படையாக எடுத்துத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. 2012 ஜூலை முதல் ஆஸ்திரேலியா முழுவதும் பொது மருத்துவமனைகளுக்கு இந்த முறை வந்தது.

ஆஸ்திரேலியக் கணக்கு எளிமையானது. அந்த முதல் வருஷத்தில் ஓர் அலகுக்கு 4,808 டாலர் என்று விலை வைத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எடை, அதாவது அது எத்தனை அலகு என்ற எண், உண்டு. கணக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்: எடை 0.5 உள்ள கேஸுக்கு 2,404 டாலர், எடை 3 உள்ளதற்கு 14,424 டாலர். ஒரு கேஸ் எந்தக் குழுவில் விழும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் போட்ட கோடுகளும், வயது, தங்கிய நாள், எப்படி டிஸ்சார்ஜ் ஆனார் என்பது போன்ற சில விவரங்களும்தான். டாக்டர் ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஐசியூவில் நின்றது அதற்குத் தெரியாது. அதனால்தான் உங்கள் எம்.டி. உங்களை 'மெயின்' என்றார்.

நம் ஊர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் பார்க்கிற பேக்கேஜும் (இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே வைத்த தொகை) இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீடு வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. மூன்றிலும் அடிப்படை பேக்கேஜ்தான். அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பட்டியலில் உள்ள ஒரு பேக்கேஜைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆயுஷ்மான் பட்டியலில் காய்ச்சல், நிமோனியா மாதிரி மருந்தோடு முடிகிற பல கேஸ்களுக்கு வார்டா, ஐசியூவா என்று பார்த்து நாள் கணக்கில் தொகை. டிஆர்ஜியில் எல்லாமே நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, மொத்த கேஸ் ஷீட்டையும் படித்து முடிவாகிறது. நாள் கணக்கு முறையில் ஒரு நாள் கூடத் தங்கினால் கூடுதல் பணம். டிஆர்ஜியில் பொதுவாக அந்த நாள் மருத்துவமனையின் செலவு. இரண்டுக்கும் ஆசை காட்டும் திசையே வேறு.

இனி உங்கள் மேஜைக்கு வருவோம்.

மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பிக்கும் மாதங்களில் உங்கள் மருத்துவமனைக்கு ஸ்க்ரப் டைஃபஸ் (சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) வராமல் இருக்காது. வேலூர்ப் பக்கத்து டாக்டர்களுக்குப் பழக்கமான நோய். ஒரு கற்பனை கேஸ் வைத்துக்கொள்வோம். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, எட்டு நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல். மார்புக்குக் கீழ் மடிப்பில் சிகரெட் சுட்டது போல் ஒரு கருப்புப் பொருக்கு. பிளேட்லெட் குறைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. ஐசியூவில் நான்கு நாள், இரண்டு நாள் வென்டிலேட்டர். ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பிழைக்கவைத்து அனுப்பிவிட்டார்கள். சம்மரியில் இருப்பது: "காய்ச்சலோடு வந்தார், சிகிச்சை அளிக்கப்பட்டது, நலமாகச் சென்றார்."

இதை வைத்து நீங்கள் போட முடிந்த கோடு ஆர்50.9, அதாவது காரணம் குறிப்பிடாத காய்ச்சல். நடந்தது என்ன? ஏ75.3 ஸ்க்ரப் டைஃபஸ், ஜே80 கடும் மூச்சுக் கோளாறு (ஏஆர்டிஎஸ்), என்17.9 திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு, இவையெல்லாம் இருந்திருக்கலாம். டிஆர்ஜி முறையில் வெறும் ஆர்50.9 விழும் குழுவுக்கும் இந்தக் கோடுகள் சேர்ந்து விழும் குழுவுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருக்கும். மருத்துவமனை செலவழித்தது ஐசியூவுக்கு, கிடைக்கப்போவது சாதாரணக் காய்ச்சலுக்கு. உங்கள் எம்.டி. சொன்னதில் நியாயமான பாதி இதுதான். செய்த வேலை காகிதத்தில் வராததால் போகிற பணம்.

ஆனால் கவனியுங்கள், 'இருந்திருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். லேப் ரிப்போர்ட்டில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டு நீங்களாகவே ஏ75.3 போட முடியாது. கிரியேட்டினின் 3.1 என்று பார்த்து என்17.9 போட முடியாது. பரிசோதனை முடிவைப் படித்து நோய் இது என்று சொல்வது டாக்டரின் வேலை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கோடிங் விதிகள் இதில் கறாரானவை. நம் நாட்டில் அவ்வளவு விரிவான விதிப் புத்தகம் உங்கள் கையில் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டாக்டரிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "சார், ஸ்க்ரப் டைஃபஸ், ஏஆர்டிஎஸ் என்று எழுதிக் கொடுங்கள், கிளெய்ம் நன்றாக வரும்" என்று கேட்டால் அது விடையைக் கையில் கொடுத்துக் கேட்பது. பின்னால் தணிக்கையில் அந்தச் சீட்டு உங்களுக்கு எதிராகவே நிற்கும். "மூன்றாம் நாள் நோட்ஸில் கருப்புப் பொருக்கு என்று உள்ளது, ஐஜிஎம் பாசிட்டிவ், இரண்டு நாள் வென்டிலேட்டர், கிரியேட்டினின் இவ்வளவு. இறுதி நோய்நிர்ணயம் என்ன? வென்டிலேட்டர் எதற்காக வைக்கப்பட்டது?" என்று எழுதிக் கேளுங்கள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் வேண்டாம். பதிலை டாக்டர் கைப்பட எழுதி, எழுதிய அன்றைய தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பழைய தேதி போட்டு நோட்ஸுக்கு நடுவில் செருகுவது, சும்மா ஒரு வரிதானே என்றாலும், ஆவணத்தைப் பொய்யாகத் திருத்துவதுதான்.

கூடுதல் நோய்களைச் சேர்ப்பதிலும் இதே கவனம். நோயாளிக்கு வாழ்நாளில் வந்த எல்லாவற்றையும் அடுக்கக் கூடாது. இந்த அட்மிஷனில் எதற்குச் சிகிச்சை, பரிசோதனை, கூடுதல் கவனிப்பு தேவைப்பட்டதோ அவற்றைத்தான் பொதுவாகச் சேர்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் வந்து போன காசநோய் இன்றைய கால் எலும்பு முறிவுக்கு எடை கூட்டக் கூடாது.

இன்னொன்று, நம் ஊரில் இன்னும் பலர் யோசித்தே பார்க்காதது: நோய் வரும்போதே இருந்ததா, வார்டில் வந்ததா? 2008 அக்டோபர் முதல் மெடிகேர், படுக்கைப் புண், கீழே விழுந்து வந்த அடி, சிறுநீர்க் குழாய் வைத்ததால் வந்த தொற்று என்று ஒரு பட்டியல் போட்டு, இவை மருத்துவமனையில் வந்திருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டது. அந்த நிலைமையில் அட்மிஷன் அன்று சிஸ்டர் எழுதும் முதல் குறிப்பு விலைமதிப்புள்ள காகிதம் ஆகிவிடுகிறது. வீட்டிலேயே இடுப்பில் புண்ணோடு வந்த பாட்டிக்கு அன்றே அதை எழுதவில்லை என்றால் அந்தப் புண் உங்கள் மருத்துவமனை கொடுத்ததாகக் கணக்காகும். இதை டாக்டர்கள் கூட்டத்தில் சொல்வதைவிட வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

வேலூரில் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு கிடையாது. ஒரே நாளில் உங்கள் கவுன்ட்டரில் தமிழ்நாட்டு அட்டையோடு ஒருவர், சித்தூரிலிருந்து ஆந்திரத் திட்ட அட்டையோடு ஒருவர், கம்மவான்பேட்டையிலிருந்து முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் அட்டையோடு ஒருவர், தோல் தொழிற்சாலையிலிருந்து இஎஸ்ஐ அட்டையோடு ஒருவர், ரயிலேறி வங்காளத்திலிருந்து கையில் பணத்தோடு ஒருவர் நிற்கலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் அதனதன் பேக்கேஜ், அதனதன் படிவம். ஒரே பித்தப்பை அறுவைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கோடு. இந்த நெரிசலில் பலரும் கிளெய்ம் கோடு போட்டதோடு விட்டுவிடுகிறார்கள், ஐசிடி கோடு பேருக்குத்தான். நான் சொல்வேன், ஐசிடியை முதலில் ஒழுங்காகப் போடுங்கள். பேக்கேஜ் பட்டியல் வருஷம் தாண்டினால் மாறும். ஐசிடியில் சேர்த்த விவரம்தான் நாளைக்கு எந்த முறை வந்தாலும் உங்களுக்குக் கை கொடுக்கும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். ஒரே ஆள் ஒரு தடவை கே. செல்வி, இன்னொரு தடவை செல்வி குமார், மூன்றாவது தடவை ஆதாரில் உள்ளபடி தமிழ்ச்செல்வி. மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மூன்று யுஎச்ஐடி (மருத்துவமனை தரும் நோயாளி எண்) நம்பர், மூன்று கேஸ் ஷீட். டயாலிஸிஸுக்கு வருகிறவருக்கு இப்படி ஆனால் வருகைகளை எண்ணிப் பணம் தரும் முறையில் கணக்கே நிற்காது. மருந்து அலர்ஜி விவரம் வேறு ஒரு ஃபைலில் போய் மாட்டிக்கொண்டால் பணத்தைவிடப் பெரிய ஆபத்து. ஆபா என்கிற 14 இலக்க தேசிய சுகாதாரக் கணக்கு எண்ணை நோயாளி சம்மதத்தோடு பதிந்துகொள்ளுங்கள், அது ஒரு துணை. ஆனால் பதிவு கவுன்ட்டரில் உட்காரும் பெண், புது நம்பர் போடும் முன் பிறந்த வருஷம், கணவர் அல்லது அப்பா பெயர், போன் நம்பர் மூன்றையும் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் உண்மையான மருந்து. அப்படியே, கேஸ் ஷீட்டை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கிளெய்ம் ஆளுக்கு அனுப்பும் வழக்கம் உங்களிடம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது.

நம் ஊருக்கு வருமா என்று கேட்டீர்கள். 2022-இல் தேசிய சுகாதார ஆணையம் ஆயுஷ்மான் பேக்கேஜ் பட்டியலைத் திருத்தியபோது, சில மாநிலங்களில் டிஆர்ஜியைச் சோதனையாகக் கொண்டுவருவதாகவும் சொன்னது. போகும் திசை அதுதான். ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் உங்கள் வருமானம் பேக்கேஜில்தான் இருக்கிறது, நாளைக்கே மாறிவிடப் போவதில்லை. டிஆர்ஜி வேண்டுமென்றால் ஒரு நாட்டுக்கு இரண்டு வேண்டும்: சுத்தமான கோடு, ஒவ்வொரு கேஸுக்கும் உண்மையில் ஆன செலவு. எடை என்பது சராசரிச் செலவிலிருந்து வருவது. உங்கள் மருத்துவமனையில் ஒரு ஸ்க்ரப் டைஃபஸ் கேஸுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் பில் தொகையைச் சொல்வார்கள், செலவைச் சொல்ல ஆள் இருக்காது. எம்.டி.க்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், அக்கவுன்ட்ஸ்காரரையும் உங்களையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். விலையுள்ள சாஃப்ட்வேர் வாங்குவது அதற்கு அப்புறம். எல்லா மருத்துவமனைக்கும் இந்த முறை பொருந்துவதுமில்லை. ஆஸ்திரேலியாவிலேயே கிராமப்புறத்துச் சின்ன மருத்துவமனைகள் பலவற்றுக்கு இன்னும் மொத்தத் தொகைதான், கேஸ் குறைவான இடத்தில் சராசரிக் கணக்கு அவர்களை மூழ்கடித்துவிடும் என்பதால்.

இப்போதே தொடங்க வேண்டுமானால் எல்லா கேஸ் ஷீட்டையும் எடுக்காதீர்கள். மூன்று பேரால் முடியாது, மூன்றாம் நாள் சலித்துவிடும். போன மாதம் ஐசியூ போய் வந்தவர்களின் ஷீட்களை மட்டும் எடுங்கள். சம்மரியை மறைத்துவிட்டு உள்ளே இருக்கும் நோட்ஸை மட்டும் படித்து ஒருவர் குறித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் சம்மரியை மட்டும் பார்த்துக் குறிக்கட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பெயர் சொல்லாமல் டாக்டர்கள் கூட்டத்தில் காட்டுங்கள். பிரசங்கம் வேண்டாம், அவர்கள் எழுதியதையே அவர்களுக்குக் காட்டினால் போதும். சம்மரிப் படிவத்தில் இறுதி நோய்நிர்ணயம், சிக்கல்கள், வரும்போதே இருந்தவை என்று தனித்தனிக் கட்டம் போட்டுக் கொடுத்தால் மூன்று வரி எழுதுகிற டியூட்டி டாக்டரும் ஐந்து வரி எழுதுவார். அவரும் பாவம், வெளியே ஓபியில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

இனி உங்கள் எம்.டி. சொன்னதற்கு வருவோம். டிஆர்ஜி முறை எங்கே போனாலும் கூடவே போகிற ஒரு வியாதி உண்டு. மெடிகேர் இந்த முறைக்கு மாறுவதற்கு முன்பே, 1981-இல், டொனால்ட் சிம்போர்க் என்ற அமெரிக்க மருத்துவர் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்: டிஆர்ஜி க்ரீப், 'மருத்துவமனையில் தொற்றும் புது நோய்' என்று கிண்டலாக. நோயாளிகள் மாறாமல் கோடுகள் மட்டும் மெல்ல மெல்லக் கனமாகிக்கொண்டே போவது. நிமோனியா எல்லாம் செப்சிஸ் ஆகும், ரத்தச்சோகை எல்லாம் கடும் ரத்தச்சோகை ஆகும். பணம் கொடுக்கிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஓர் ஊரின் மற்ற மருத்துவமனைகளோடு உங்கள் எண்களை ஒப்பிட்டாலே போதும். ஆயுஷ்மான் திட்டத்துக்கென்றே தேசிய மோசடித் தடுப்புப் பிரிவு இருக்கிறது. பிடிபட்டால் பணம் திரும்பக் கட்டுவதோடு போகாது, திட்டத்திலிருந்தே நீக்கலாம். நோயாளிக்கும் பாதிப்பு: இல்லாத நோய் அவர் பெயரில் ஏறி, அடுத்த இன்ஷூரன்ஸில் குறுக்கே நிற்கும்.

என் அனுபவத்தில் நிர்வாகத்தில் இருக்கும் பலர் "அதிகம் வருகிற கோடு" என்று சொல்லும்போது மோசடியை நினைத்துச் சொல்வதில்லை. கோடு என்பதை ரேட் கார்டு என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் சண்டைக்குப் போகாமல் ஒரு முறை விளக்கிப் பாருங்கள்: "சார், டாக்டர் எழுதியதில் மிகத் தெளிவான கோட்டை நான் விடாமல் எடுப்பேன். எழுதாமல் விட்டதை டாக்டரிடம் கேட்டு வாங்குவேன். அவர் எழுதாததை நான் போட மாட்டேன்." அந்த ஐசியூ ஷீட்களையும் கையோடு கொண்டுபோங்கள். நேர்மையாகவே வர வேண்டிய எவ்வளவு விவரம் விட்டுப்போகிறது என்று பார்த்தால் அவர் கவனம் அந்தப் பக்கம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகும் குறிப்பிட்ட ஒரு கேஸில் மாற்றிப் போடச் சொன்னால், மெயிலில் சொல்லச் சொல்லுங்கள். வாயால் சொல்கிற பல உத்தரவுகள் மெயிலில் வராமலே நின்றுவிடும். உங்கள் லாகின், பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள், "அவசரம், நானே மாற்றிக்கொள்கிறேன்" என்று பில்லிங் ஆள் வந்து நின்றாலும். சிஸ்டத்தில் பதிவாவது உங்கள் பெயர்.

கடைசியாகச் சென்னை வேலை. அதில் தப்பே இல்லை. சம்பளம் கூடுதலாக இருக்கலாம், வீட்டுச் சூழலுக்கு அது தேவை என்றால் போங்கள். ஆனால் எந்த வேலை என்று பார்த்துச் சேருங்கள். அங்கே பலரும் எடுக்கிற சிபிசி சான்றிதழ் பெரும்பாலும் டாக்டர் பில்லுக்கும் வெளிநோயாளி வேலைக்குமானது. ஒரே விதமான எக்ஸ்ரே ரிப்போர்ட்டுக்கு நாள் பூராவும் கோடு போடுகிற இருக்கையும் அதில் உண்டு. நீங்கள் இத்தனை வருஷம் முழு கேஸ் ஷீட் படித்தவர். உள்நோயாளி கோடிங், டிஆர்ஜி பிரிவு என்று கேட்டு அதில் சேருங்கள். அதற்கு சிசிஎஸ் அல்லது சிஐசி தேர்வுதான் பொருத்தம். அமெரிக்காவில் 2015 அக்டோபரிலிருந்து நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம், உள்நோயாளி அறுவைகளுக்கு ஐசிடி-10-பிசிஎஸ். நீங்கள் இங்கே போடுகிற உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-ஐவிட இரண்டும் நீளமானவை, பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த வேலையில் இருந்துகொண்டே மாலையில் படிக்கலாம். எம்.டி. நீங்கள் விளக்கியதற்கு என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள். அவர் கேட்டுக்கொண்டால், சம்பள உயர்வையும் இன்னும் ஓர் ஆளையும் அந்த ஐசியூ ஷீட்களை வைத்தே கேளுங்கள்.